கையில் வெண்ணெய்... நெய்க்கு ஏன் அலைச்சல்?

சட்டைப் பைக்குள் போன் ‘விர்ர்’ என்று அதிர்கிறதே, அதற்குக் காரணம் உள்ளே இருக்கும் ஒரு சின்னக் காந்தம். பாட்டு கேட்கும் இயர்போனுக்குள்ளும் ஒன்று இருக்கிறது. தெருவில் சத்தமே இல்லாமல் போகும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் மோட்டாருக்குள் இருப்பது அதே காந்தத்தின் பெரியண்ணன்.

பள்ளிக்கூடத்து லேபில் இரும்புத் தூளை இழுத்துக் காட்டிய லாடக் காந்தம் இல்லை இது. நியோடிமியம் என்ற உலோகத்தோடு இரும்பையும் போரானையும் சேர்த்துச் செய்வது. 1980-களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உருவானது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாத ரகம். மோட்டாரின் சூட்டிலும் வலு குறையாமல் இருக்க, டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்ற வேறு சில தனிமங்களையும் கொஞ்சம் சேர்ப்பார்கள்.

2025 ஏப்ரல் 4-ம் தேதி சீனா ஓர் உத்தரவு போட்டது. ஏழு வகை அரிய மண் தனிமங்களையும், அவற்றைச் சேர்த்துச் செய்த காந்தங்களையும் அரசு உரிமம் இல்லாமல் இனி ஏற்றுமதி செய்யக் கூடாது. அமெரிக்காவின் வரிவிதிப்புக்குப் பதிலடியாக வந்த உத்தரவு அது. அடி விழுந்ததோ எல்லா நாடுகளுக்கும். இந்திய வாகன நிறுவனங்கள் விண்ணப்பம் போட்டு, ‘இதை இன்ன வேலைக்குத்தான் பயன்படுத்துவோம்’ என்று எழுதிக் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருந்தன. சில எலெக்ட்ரிக் இருசக்கர வாகனங்களின் உற்பத்தி குறைந்தது. லட்ச ரூபாய் வண்டி, உள்ளங்கையில் அடங்கும் காந்தங்களுக்காகக் காத்துக் கிடந்தது.

உலகில் அரிய மண் தனிமங்களைச் சுத்திகரிப்பதிலும், அவற்றிலிருந்து காந்தம் செய்வதிலும் சுமார் 90 சதவீதம் சீனாவின் கையில் இருக்கிறது. கடைத்தெருவில் ஒரே கடை இருந்தால், கடைக்காரர் ஷட்டரை இறக்கும் நாளில் அந்தத் தெருவே தவிக்கும்.

அப்படியென்றால் நம் நாட்டில் இந்த மண் இல்லையா? இருக்கிறது. தமிழ்நாட்டின் தென்கோடியிலேயே இருக்கிறது.

பெட்ரோமாக்ஸ் காலத்து மணல்

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணல் ஆற்று மணல்போல இருக்காது. கறுப்பும் சிவப்புமாகக் கலந்து கிடக்கும். இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட் என்று பல தாதுக்கள் அதில் உண்டு. அவற்றோடு மோனசைட் என்ற தாதுவும் சேர்ந்திருக்கிறது. அரிய மண் தனிமங்கள் ஒளிந்திருப்பது அந்த மோனசைட்டுக்குள்தான்.

1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இதைக் கண்டறிந்தார். கேரளப் பகுதியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் துப்புக் கொடுத்தது என்று சொல்வார்கள். மோனசைட்டில் தோரியமும் உண்டு. கேஸ் விளக்கின் மேன்டில் பளீரென்று ஒளிர அந்தத் தோரியம் தேவைப்பட்டது. ஒரு காலத்தில் கல்யாண வீடுகளையும் கோயில் திருவிழாக்களையும் வெளிச்சமாக்கிய பெட்ரோமாக்ஸ் விளக்கில், வெள்ளை வலைபோலத் தொங்குமே, அதுதான் மேன்டில். மின்சார பல்பு வந்ததும் அந்த மவுசு போனது. அணுசக்தி யுகம் வந்ததும் தோரியத்துக்கு வேறொரு மதிப்பு வந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1950-ல், இன்று ஐ.ஆர்.இ.எல். என்று அழைக்கப்படும் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1952-ல் கேரளத்தின் ஆலுவாவில் மோனசைட்டைப் பிரித்தெடுக்கும் ஆலை வந்தது. மணவாளக்குறிச்சி, கேரளத்தின் சவரா, ஒடிசாவின் சத்ரபூர் ஆகிய இடங்களில் இந்த நிறுவனம் மணலைப் பிரித்துத் தாது எடுக்கிறது.

நாடு முழுக்கச் சுமார் 1.3 கோடி டன் மோனசைட் இருப்பதாகவும், அதில் 72 லட்சம் டன்னுக்கு மேல் அரிய மண் ஆக்சைடுகள் இருப்பதாகவும் மத்திய அரசு 2025-ல் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் பட்டியலில், கையிருப்பு அளவில் சீனாவுக்கும் பிரேசிலுக்கும் அடுத்த இடம் இந்தியாவுக்கு. ஆனால் உலக உற்பத்தியில் இந்தியாவின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

உருக்குவதுதான் கஷ்டம்

வெண்ணெய் தானாக நெய்யாகிவிடாது. அடுப்பு வேண்டும், பதம் தெரிய வேண்டும், பக்கத்தில் நிற்கப் பொறுமை வேண்டும்.

அரிய மண் தனிமங்கள் மொத்தம் 17. ‘அரிய’ என்ற அடைமொழி கொஞ்சம் ஏமாற்றும். மண்ணில் இவை பரவலாகவே இருக்கின்றன. அரிது எதுவென்றால், லாபம் தரும் அளவுக்கு ஒரே இடத்தில் சேர்ந்து கிடப்பதும், கிடைத்த பிறகு ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பதும். வேதியியல் குணத்தில் ஒரே அச்சில் வார்த்த அண்ணன் தம்பிகள் இவை. அமிலத்தில் கரைத்து, வேறொரு திரவத்தோடு கலக்கி, தெளியவைத்து, மறுபடி கலக்கி... இப்படி நூற்றுக்கணக்கான படிகளைத் தாண்டித்தான் தனித்தனியாகப் பிரிகின்றன. கழிவாக அமிலத் தண்ணீர் வரும். மோனசைட் என்றால் கதிரியக்கம் உள்ள தோரியமும் கூடவே வரும். அதைப் பத்திரமாகப் பிரித்துச் சேமிக்க வேண்டும்.

பிரித்த ஆக்சைடை உலோகமாக்க வேண்டும். உலோகத்தைக் கலவையாக்கி, பொடியாக்கி, அழுத்தி, சுட்டால்தான் காந்தம். இந்தியா பல ஆண்டுகளாக ஆக்சைடு என்ற படியிலேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் பெரிய அளவில் செய்ய இங்கே ஆலை இல்லாததால், பிரித்தெடுத்த சரக்கில் ஒரு பகுதி ஜப்பானுக்குப் போனது.

விஞ்ஞானம் தெரியாமல் இல்லை. 2023 மே மாதம் விசாகப்பட்டினத்தில் ஐ.ஆர்.இ.எல். காந்த ஆலை ஒன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அங்கே தயாராவது சமாரியம்-கோபால்ட் காந்தம். அதன் திறன் ஆண்டுக்கு 3,000 கிலோ, அதாவது 3 டன். நாட்டின் தேவையோ ஆயிரக்கணக்கான டன்களில் இருக்கிறது.

தனியார் ஏன் இறங்கவில்லை என்ற கேள்விக்கு அமெரிக்காவின் கதை பதில் சொல்லும். கலிஃபோர்னியாவின் மவுன்டன் பாஸ் சுரங்கம் ஒரு காலத்தில் உலகத்துக்கே அரிய மண் கொடுத்தது. கழிவுநீர்க் குழாய் கசிந்து சிக்கல் வந்தது. சீனாவின் மலிவு விலையோடும் போட்டி போட முடியவில்லை. 2002-ல் வேலை நின்றது. மீண்டும் திறந்து நடத்திய நிறுவனம், விலை சரிந்ததும் 2015-ல் திவாலானது. பிறகு வேறு நிறுவனத்தின் கைக்கு மாறியது. கடைசியில், 2025 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே அந்த நிறுவனத்தில் 40 கோடி டாலர் முதலீடு செய்ய ஒப்புக்கொண்டது. நியோடிமியம்-பிரசியோடிமியம் கிலோவுக்கு 110 டாலருக்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு ஈடுகட்டும் என்றும் வாக்குறுதி கொடுத்தது. நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதார விலை தருவதுபோலத்தான்.

சந்தையை மட்டும் நம்பி இந்த அடுப்பை யாரும் பற்றவைக்க மாட்டார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. அரசு பக்கத்தில் நின்றாக வேண்டும்.

அரசு எடுத்த அடிகள்

இந்திய அரசு சும்மா இருக்கவில்லை. 2023 ஜூனில் 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலை வெளியிட்டது. லித்தியம், கோபால்ட், நிக்கல், கிராஃபைட், டங்ஸ்டன், அரிய மண் தனிமங்கள் எல்லாம் அதில் உண்டு. அடுத்த இரண்டு மாதங்களில் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை அணுக் கனிமம் என்று பூட்டி வைத்திருந்த லித்தியம் உள்ளிட்ட ஆறு கனிமங்கள் அந்தப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டன. 24 முக்கியக் கனிமங்களின் ஏலத்தை மத்திய அரசே நடத்தலாம், வருமானம் மாநிலத்துக்குப் போகும் என்று விதி வந்தது.

2023 நவம்பரில் 20 தொகுதிகளோடு முதல் சுற்று ஏலம் தொடங்கியது. சத்தீஸ்கரின் கட்கோரா லித்தியம் தொகுதி விலை போனது. ஆனால் ‘59 லட்சம் டன் லித்தியம்’ என்று 2023 பிப்ரவரியில் நாடே கொண்டாடிய ஜம்மு-காஷ்மீரின் ரியாசி தொகுதிக்குப் போதிய ஏலதாரர்கள் வரவில்லை. அந்த ஏலம் ரத்தானது. காரணம் எளிமையானது. அந்த 59 லட்சம் டன் என்பது முதற்கட்ட மதிப்பீடு. களிமண் வகைப் பாறையிலிருந்து லித்தியத்தைப் பிரித்தெடுப்பதும் சுலபமில்லை. கிணறு வெட்டினால் தண்ணீர் வருமா என்று தெரியாத நிலத்துக்கு யார் முன்பணம் கொடுப்பார்கள்?

2025 ஜனவரி 29-ம் தேதி தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அரசின் செலவு 16,300 கோடி ரூபாய். பொதுத்துறை நிறுவனங்கள் போன்றவை 18,000 கோடி முதலீடு செய்யும் என்பது எதிர்பார்ப்பு. 2030-31-க்குள் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1,200 ஆய்வுப் பணிகளை முடிக்க வேண்டும் என்பது இலக்கு. வெளிநாட்டிலும் கால் பதித்தாயிற்று. மூன்று பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய காபில் நிறுவனம், அர்ஜென்டினாவின் கட்டமார்கா மாகாணத்தில் ஐந்து லித்தியம் தொகுதிகளில் ஆய்வு செய்யும் உரிமையை 2024 ஜனவரியில் பெற்றது.

அடுப்பின் பக்கம் அரசு திரும்பியது 2025 நவம்பர் 26-ம் தேதி. காந்த உற்பத்திக்கு 7,280 கோடி ரூபாய் திட்டம் அன்று ஒப்புதல் பெற்றது. ஆண்டுக்கு 6,000 டன் திறன், அதிகபட்சம் ஐந்து நிறுவனங்கள், ஆக்சைடிலிருந்து காந்தம் வரை எல்லாப் படிகளும் உள்நாட்டிலேயே. இதில் 6,450 கோடி விற்பனையைப் பொறுத்துக் கிடைக்கும் ஊக்கத்தொகை. காந்தம் செய்து விற்றால்தான் பணம். 3 டன்னிலிருந்து 6,000 டன்னுக்குத் தாவுவது சின்ன வேலை இல்லை என்றாலும், திசை சரியானது.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சமிருக்கிறது. நம் கடற்கரை மோனசைட்டில் நியோடிமியம் உண்டு. மோட்டார் சூட்டைத் தாங்கத் தேவைப்படும் டிஸ்ப்ரோசியம் வகை கன தனிமங்கள், எடுத்துப் பயன்படுத்தும் அளவுக்கு இல்லை. அவற்றுக்கு வெளிநாட்டைத்தான் பார்க்க வேண்டும்.

அரிட்டாபட்டி சொன்ன பதில்

இந்தக் கணக்குகளில் எல்லாம் ஓர் எண் விடுபட்டுப்போகிறது. நிலத்துக்கு மேலே வாழ்கிறவர்களின் எண்ணம்.

மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்தில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியை ஏலத்தில் எடுக்க ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. பரப்பு 2,015 ஹெக்டேர், கிட்டத்தட்ட 5,000 ஏக்கர். அதற்குள் அரிட்டாபட்டியும் வந்தது. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. ஏழு குன்றுகள், ஏராளமான நீர்நிலைகளும் சுனைகளும், வல்லூறு வகைப் பறவைகள், சமணர் படுக்கைகள், தமிழி கல்வெட்டுகள், குடைவரைக் கோயில் என்று இரண்டாயிரம் ஆண்டு வரலாறு அங்கே பாறையோடு பாறையாக இருக்கிறது.

ஊர்கள் கொந்தளித்தன. மத்திய அரசும் மாநில அரசும் ஒன்றையொன்று குறை சொல்லிக்கொண்டன. டிசம்பர் 9-ம் தேதி சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ம் தேதி ஆயிரக்கணக்கான கிராமத்து மக்கள் மதுரை நோக்கி நடந்தார்கள். ஜனவரி 23-ம் தேதி மத்திய அரசு ஏலத்தையே ரத்து செய்தது.

டங்ஸ்டன் வேண்டாத பொருள் இல்லை. துளைக்கும் கருவி, வெட்டும் கருவி முதல் ராணுவத் தளவாடம் வரை எல்லாவற்றுக்கும் வேண்டும். ஏலம் ரத்தான சில நாட்களிலேயே, அதாவது 2025 பிப்ரவரியில், சீனா டங்ஸ்டன் ஏற்றுமதிக்கும் கட்டுப்பாடு போட்டது. ஆனால் வரைபடத்தில் கோடு போட்டு, ஏலம் விட்டு, வெற்றியாளரை அறிவித்த பிறகுதான் அந்த ஊர்களுக்குச் சேதியே எட்டியது. பெண்ணைக் கேட்காமல் நிச்சயதார்த்தம் முடித்த கதை. அந்த நிச்சயம் மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை.

கேட்பது தாமதம் ஆகுமா?

கன்னியாகுமரியிலும் இதே கேள்வி காத்திருக்கிறது. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் தாது மணல் எடுக்க ஐ.ஆர்.இ.எல். திட்டமிட்டிருக்கிறது. கடலோர ஊர்கள் எதிர்க்கின்றன. கடல் அரிப்பு கூடுமா, வலை விரிக்கும் கரை மிஞ்சுமா, குடிதண்ணீர் உப்பாகுமா, புற்றுநோய் வருமா என்பவை அவர்களின் கேள்விகள். 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்புக்கு நடுவே தள்ளிப்போனது.

கதிர்வீச்சு பற்றிய பயத்தைக் கேலி செய்ய வேண்டியதில்லை. அதைப் பூதாகரமாக்கவும் வேண்டியதில்லை. மோனசைட் மணல் கிடக்கும் கரையில் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம். சவராவை ஒட்டிய கருநாகப்பள்ளி பகுதியில் சுமார் 70,000 பேரைப் பல ஆண்டுகள் கண்காணித்து 2009-ல் வெளியான ஆய்வு, அந்த இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் அபாயம் கூடியதாகத் தெரியவில்லை என்றது. ஆனால் இயற்கையாகக் கிடக்கும் மணல் வேறு, தோண்டி அள்ளிப் பிரித்த மணல் வேறு. கரை அரிப்புக்கும் வலைக்கும் தண்ணீருக்கும் அந்த ஆய்வில் பதில் இல்லை. அந்தப் பதிலை ஊரின் நடுவே உட்கார்ந்து, ஊரின் மொழியில் சொல்வதற்குத்தான் கருத்துக் கேட்புக் கூட்டம்.

அந்தக் கூட்டமே இனி வேண்டாம் என்று 2025 செப்டம்பர் 8-ம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் உத்தரவு வெளியிட்டது. அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்குமான சுரங்கத் திட்டங்களுக்கு இந்த விலக்கு. நாட்டின் பாதுகாப்பும் அவசரமும் காரணமாகச் சொல்லப்பட்டன. உத்தரவைத் திரும்பப் பெறும்படி அப்போது முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

அவசரம் உண்மைதான். ஆனால் கேட்பதைத் தவிர்த்தால் காலம் மிச்சமாகும் என்ற கணக்கு சரியா என்பதற்கு அரிட்டாபட்டியே சாட்சி. அங்கே ஆய்வுக்கும் ஏலத்துக்கும் செலவழித்த காலம் முழுவதும் வீணானது. முதல் நாளே ஊரைக் கேட்டிருந்தால், ஒன்று எல்லையை மாற்றியிருக்கலாம், இல்லை வேறு இடம் பார்த்திருக்கலாம்.

மணல் விஷயத்தில் தமிழகக் கடற்கரை ஊர்களுக்குப் பழைய காயமும் உண்டு. தனியார் தாது மணல் அள்ளுவதில் முறைகேடு புகார்கள் குவிந்து, 2013-ல் மாநில அரசு அதற்குத் தடை போட வேண்டி வந்தது. அந்த ஊர்களிடம் போய் ‘நம்புங்கள்’ என்று சொன்னால் மட்டும் போதாது. எடுத்த குழியை எப்படி மூடுவார்கள், தண்ணீரை யார் சோதிப்பார்கள், முடிவுகளை எங்கே ஒட்டுவார்கள், ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன வேலை கிடைக்கும் என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். மணல் ஓர் ஊரில் போய், காந்த ஆலையும் சம்பளமும் வேறொரு மாநிலத்துக்குப் போனால், அந்த ஊருக்கு மிஞ்சுவது குழி மட்டும்தான்.

டிராயருக்குள் ஒரு சுரங்கம்

தோண்டாமலே எடுக்கக்கூடிய கனிமமும் இருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல், அலுமினிய ஆலையின் செம்மண் கழிவு, பழைய சுரங்கங்கள் கொட்டிவைத்த கழிவுக் குவியல்கள் ஆகியவற்றிலிருந்து கனிமம் பிரிக்கும் சோதனை முயற்சிகளுக்குத் தேசிய இயக்கம் 100 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. மின்கழிவு, பழைய பேட்டரி போன்றவற்றிலிருந்து முக்கியக் கனிமங்களை மீட்க 1,500 கோடி ரூபாய் ஊக்கத் திட்டத்துக்கு 2025 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்தது. இதில் மூன்றில் ஒரு பங்கு சிறு நிறுவனங்களுக்கும் புதிய தொழில்முனைவோருக்கும்.

இந்த இடத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. பெரும்பாலான வீடுகளில் மேசை டிராயருக்குள் ஒன்றிரண்டு பழைய போன்கள், அறுந்த இயர்போன், உப்பிய பேட்டரி எல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும். அவற்றில் லித்தியம் இருக்கிறது, கோபால்ட் இருக்கிறது, நியோடிமியம் இருக்கிறது. அவற்றைக் குப்பை வண்டியில் போடக் கூடாது. தெருவில் வந்து எடை போட்டு வாங்குகிறவரிடம் கொடுத்தால், ஏதோ ஒரு சந்தில் அமிலத்திலோ நெருப்பிலோ போட்டு, தெரிந்த உலோகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டும் ஆபத்தும் உண்டு. மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சி மையங்களிலும், பழைய சாதனத்தைத் திரும்பப் பெறும் நிறுவனங்களின் சேகரிப்பு இடங்களிலும் ஒப்படைப்பதுதான் சரி. கொடுக்கும் முன் போனில் உள்ள படங்களையும் எண்களையும் அழித்துவிடுவது நல்லது.

ஒரு வீட்டின் பழைய போனால் நாட்டின் தேவை தீர்ந்துவிடாது. காந்த ஆலைகள் எழுவதற்கே சில ஆண்டுகள் ஆகும். 2010-ல் சீனாவிடம் இதே அடியை வாங்கிய ஜப்பான், ஆஸ்திரேலியச் சுரங்க நிறுவனத்தில் பணம் போட்டு, மறுசுழற்சியை வளர்த்து, கையிருப்பும் சேர்த்து, சீனாவை நம்பியிருந்த அளவைச் சுமார் 90 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்துக்குக் குறைக்கவே பத்து ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

இந்தியாவுக்கும் அத்தனை காலம் பிடிக்கலாம். அந்தப் பத்து ஆண்டில் எத்தனை தொகுதிகள் ஏலம் போயின என்று கணக்கெடுத்தால் போதாது. ஆலுவாவுக்கு அப்பால் எத்தனை அடுப்புகள் எரிகின்றன, எத்தனை டன் காந்தம் வெளியே வந்தது, மணவாளக்குறிச்சிக்கும் மேலூருக்கும் சவராவுக்கும் பதில் சொல்லப்பட்டதா என்று கேட்க வேண்டும். வெண்ணெய் யாருடைய பசுவின் பாலிலிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டு நெய் காய்ச்சினால், அடுத்த நாள் பால் வராது.